ஷகீகா என்னும் ஒற்றைத் தலைவலி

அரபு மொழியில் ‘ஷக்க’ என்னும் வினைக்குப் பிளத்தல் என்பது பொருள். ஒன்றை இரண்டாகப் பிளந்தால் ஒரு பாதி மறு பாதிக்கு ‘ஷகீக்’ ஆகும். ஆதலின், ஒரே தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த சகோதரனை ஷகீக் என்றும் சகோதரியை ஷகீகா என்றும் அரபியர் வழங்கலாயினர். அதே ‘ஷகீகா’ என்னும் சொல்தான், தலையின் ஒரு பாதியைப் பற்றிக்கொண்டு வதைக்கும் நோய்க்கும் பெயராயிற்று. கிரேக்க மருத்துவர் காலன் இதனை ‘அரை மண்டை’ என்னும் பொருள்பட ஹெமிக்ரானியா என்றார். அச்சொல் லத்தீன் வழியே பிரெஞ்சு நாட்டை அடைந்து, தலையும் வாலும் தேய்ந்து ‘மைக்ரேன்’ ஆகி ஆங்கிலத்தில் அமர்ந்தது. நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம். எல்லா மொழிகளும் பாதித் தலையையே சுட்டினாலும், பலருக்கு இவ்வலி இரு பக்கமும் வருவதுண்டு என்பதையும் மருத்துவர்கள் கூறுகின்றனர்.

மதரஸாக்களில் ஹதீதுப் பாடம் ஓதியவர்கள் இச்சொல்லைக் கட்டாயம் கடந்து வந்திருப்பர். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் தொகுப்பில், மருத்துவத்தைப் பற்றிய பகுதியில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்று உண்டு. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இஹ்ராம் உடையில் இருந்தபோது, தங்களுக்கு ஏற்பட்ட ஷகீகாவின் காரணமாகத் தலையில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டார்கள் என்பதே அதன் கருத்து. பாடத்தில் இந்த ஹதீது பெரும்பாலும் சட்டத்துக்காகவே ஓதப்படும். இஹ்ராம் அணிந்தவர் இரத்தம் குத்தி எடுக்கலாமா, அதற்காக முடி களைந்தால் பரிகாரம் உண்டா என்று விவாதம் நீளும். ஷகீகா என்ற சொல்லுக்கு உஸ்தாது ஒரு வரியில் பொருள் கூறிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவார்.

வரலாற்றாசிரியர் இமாம் தபரீ, கைபர் போரைப் பற்றி எழுதுமிடத்து இன்னும் ஒரு செய்தியைத் தருகிறார். நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஷகீகா வருவதுண்டு. வந்தால் ஒரு நாளோ இரு நாளோ வெளியே வராமல் தங்கிவிடுவார்கள். கைபரில் இறங்கியபோதும் அவ்வாறே நேர்ந்தது என்பது அச்செய்தி. கைபர் என்பது ஓய்வுக்குரிய இடமன்று. கோட்டைகள் எதிரே நிற்கின்றன, படை காத்திருக்கின்றது. அங்கேயும் இந்த வலி ஓய்வைக் கேட்டது, ஓய்வு கொடுக்கப்பட்டது. ஒற்றைத் தலைவலி ஒருமுறை வந்தால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் என்று இன்றைய மருத்துவர்கள் வகுத்துள்ள அளவையும், ‘ஒரு நாளோ இரு நாளோ’ என்னும் அவ்வறிவிப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இத்தனையும் கூறுவதற்குக் காரணம் உண்டு. நம் இல்லங்களில் இந்நோய்க்கு இடம் இல்லை. காய்ச்சலுக்கு இடம் உண்டு, தொட்டால் சுடுகிறது. காலில் கட்டுக்கு இடம் உண்டு, கண்ணுக்குத் தெரிகிறது. இதற்கோ வெளி அடையாளம் ஒன்றுமே இல்லை. நம் தாயார் மாதத்தில் இரு தடவையாவது பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தலையைத் துணியால் இறுகக் கட்டிப் படுத்துவிடுவார்கள். நெற்றியில் சுக்குப் பற்று இருக்கும். பாத்திரம் உருளும் ஓசையும் பாங்கோசையும் கூட ஆகாது. வாந்தி எடுத்து, உறங்கி எழுந்தால் மறுநாள் ஒன்றும் நடவாததுபோல் அடுக்களையில் நிற்பார்கள். வீட்டிலிருந்த முதிய பெண்கள், நாவூறு கண்ணூறு என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டதும் உண்டு; “விருந்தாளி வருகிற நாளாகப் பார்த்துத்தான் வலிக்கிறது” என்று காதுபடச் சொன்னதும் உண்டு. இரண்டாவது சொல்தான் தாயாரை அதிகம் வருத்தியிருக்க வேண்டும். விருந்தாளி வருகிற நாளில் உறக்கமும் உணவும் தவறும், அடுப்பின் வெக்கையும் கூடும். அவையே இந்நோயைத் தூண்டுபவை என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல அன்று எவரும் இலர்.

சில ஆண்டுகளுக்கு முன், ஷஃபான் மாதக் கடைசியில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அம்மையார் ஒருவர் தம் மருமகளை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்.

“ஹஜ்ரத், நோன்பு வந்தாலே இவளுக்குத் தலைவலி வந்துவிடுகிறது. மற்ற நாட்களில் நன்றாகத்தான் இருக்கிறாள். கொஞ்சம் தண்ணீர் ஓதிக் கொடுங்கள்” என்றார். குரலில் கவலை பாதி, குற்றச்சாட்டு பாதி.

அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. நம் இல்லத்தார் உள்ளே அழைத்துச் சென்று விசாரித்தபோதுதான் செய்தி வெளிவந்தது. முதலில் ஒரு பக்கத்தில் கண்ணாடித் துண்டுகள்போல் ஒளி நெளியுமாம், கால் மணி, அரை மணிக்குப் பின் நெற்றிப்பொட்டில் வலி இறங்குமாம், பிறகு வாந்தி. சென்ற ரமளானில் ஐந்து நாட்கள் இவ்வாறு வாந்தி எடுத்திருக்கிறாள். வாந்தியால் நோன்பு முறிந்துவிட்டது என்று அவளாகவே எண்ணிக்கொண்டாள். முறிந்ததென்று வெளியே சொன்னால் ஏச்சு வரும் என்று அஞ்சி, மருந்தும் தண்ணீரும் இன்றி மக்ரிப் வரை பல்லைக் கடித்துக் கிடந்திருக்கிறாள். பெருநாள் கழிந்தபின் அந்த ஐந்து நோன்பையும் களாவாகத் திரும்ப நோற்றிருக்கிறாள். அதிலும் இரு நாள் வலி வந்திருக்கிறது.

இச்செய்தியைக் கேட்டு நாம் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். தானாக மேலிட்டு வரும் வாந்தியால் நோன்பு முறியாது. வேண்டுமென்றே வரவழைத்தால்தான் முறியும். இது நபிமொழியில் தெளிவாக வந்திருக்கும் சட்டம், சிறுவர்களுக்கு நாம் கற்பிக்கும் பாடம். அவள் முதலில் நோற்றவையே நிறைவேறியிருக்கின்றன. அதைவிடப் பெரிய செய்தி, அவள் அந்த நாட்களில் நோன்பை விட்டிருக்கவே அனுமதி இருந்தது. நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் எண்ணிக்கையை நிறைவு செய்துகொள்ளலாம் என்று திருமறை நோன்பைக் கடமையாக்கும் இடத்திலேயே சலுகையையும் சேர்த்து அருளியிருக்கிறது. நாம் தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். கூடவே இந்த இரு சட்டங்களையும் மாமியாரும் கேட்கும்படி கூறி, நகரத்தில் நரம்பு மருத்துவர் ஒருவரைப் பார்க்கும்படியும் சொல்லி அனுப்பினோம்.

மாமியாரின் கேள்வி மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது. புண் இல்லை, கிருமி இல்லை, காய்ச்சல் இல்லை. பின் வலிப்பது எது? நம்மிடம் ஓதிப் பின்னர் மருத்துவம் கற்ற மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது இதைக் கேட்டோம். அவர் கூறியதையும், அவர் தந்த கட்டுரைகளிலிருந்து நாம் விளங்கிக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

மூளைக்கு வலி தெரியாது. அறுவை மருத்துவர்கள், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையைத் தொட்டு வேலை செய்கின்றனர். வலி தெரிவது அதைப் போர்த்திருக்கும் சவ்வுகளில், அவற்றுள்ளும் சிறப்பாகப் புறத்தே இருக்கும் தடித்த சவ்வில். இச்சவ்வுக்கு அரபு மருத்துவர்கள் வைத்த பெயர் நம்மை வியக்கச் செய்தது. அவர்கள் அதை ‘உம்முத் திமாக்’, அதாவது மூளையின் தாய் என்றனர். தடித்த தாய், மெல்லிய தாய் என்று இரண்டாகப் பிரித்தும் கூறினர். 10-ஆம் நூற்றாண்டில் பாரசீக மருத்துவர் அலீ இப்னு அப்பாஸ் அல்மஜூஸீ எழுதிய ‘கிதாபுல் மலகீ’யை, 1127-ஐ ஒட்டி அந்தியோக்கியா நகரத்து ஸ்தேபான் லத்தீனில் பெயர்த்தபோது, உம்மு என்பதைத் தாய் என்றே வைத்தார். இன்று உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் ‘டியூரா மேட்டர்’, ‘பையா மேட்டர்’ என்று ஓதுகிறார்களே, அந்த ‘மேட்டர்’ நம் ‘உம்மு’தான்!

ஃபிக்ஹு ஓதியவர்களுக்கு உம்முத் திமாக் புதிய சொல்லன்று. தலைக்காயங்களின் இழப்பீட்டைக் கூறும் பாடத்தில், இந்தச் சவ்வு வரை எட்டிய காயத்துக்கு ‘மஃமூமா’ என்று பெயர். முழு இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு விதிக்கப்படும். சட்ட நூலில் அது ஓர் எல்லைக்கோடு. அந்த எல்லையில் குடியிருப்பவர் யாவர் என்பதைப் பிற்கால மருத்துவம் கண்டறிந்தது.

அங்கே இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்ச்சி தரும் முப்பிரிவு நரம்பின் கிளைகள் அக்குழாய்களைச் சுற்றிப் படர்ந்துள்ளன. நரம்பு முனைகளை ஒட்டி, நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த ஒருவகை அணுக்கள் அமர்ந்திருக்கின்றன. 1878-இல் ஜெர்மனியின் பால் எர்லிக் என்னும் இளைஞர், சாயமேற்றிய திசுக்களை உருப்பெருக்கியில் பார்த்தபோது, உள்ளே மணிமணியாக நிறைந்திருந்த அணுக்களைக் கண்டார். நன்றாக உண்டு கொழுத்தவை போலும் என்று கருதி, ஜெர்மன் மொழியில் அப்பொருள் தரும் ‘மாஸ்ட்’ என்னும் சொல்லால் பெயரிட்டார். பெயர் நிலைத்தது, கருத்து நிலைக்கவில்லை. அம்மணிகள் உணவல்ல, ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்கள். உடலுள் பகை நுழைந்ததாக உணர்ந்தால் மாஸ்ட் அணு அவற்றை நொடிப்பொழுதில் கொட்டிவிடும். உடனே அவ்விடம் சிவக்கும், வீங்கும், அரிக்கும். தூசி பட்டால் தும்மல் தொடர்வதும் இவற்றின் வேலையே. வசந்த காலத்தில் ரோஜாவை முகர்ந்தால் அபூஸைத் அல்பல்கீ அவர்களுக்கு ஏன் மூக்கு ஒழுகுகிறது என்று இமாம் ராஸீ தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். ரோஜாவைப் பகையென்று பிழையாக எண்ணிய காவலரின் கதைதான் அது.

தலைச் சவ்விலும் இத்தகைய பிழை நிகழ்கின்றது என்பதே இப்போது துலங்கிவரும் செய்தி. முற்காலத்தில் இந்நோயை இரத்தக் குழாய் விரிவதால் வருவதென்றே கருதினர். 1938-இல் அமெரிக்காவின் ஹெரால்ட் வுல்ஃப் அக்கருத்துக்கு வலுவூட்டினார். 1970-களின் கடைசியிலிருந்து மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் என்பவர் வேறு வழி காட்டினார். குழாயைச் சுற்றிய நரம்பு முனைகளே சில பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றால் குழாய் விரிகிறது, நீர் கசிகிறது, அழற்சி உண்டாகிறது என்றார். கிருமி இல்லாத அழற்சி! அப்பொருள்களுள் முதன்மையானது சி.ஜி.ஆர்.பி. என்று சுருக்கமாக வழங்கப்படுவது. வலி வந்திருக்கும் வேளையில் கழுத்து நாளத்து இரத்தத்தில் அது மிகுந்திருப்பதை 1990-இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்ஸனும் காட்டினர். 2007-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், எலிகளின் தலைச் சவ்வில் உள்ள மாஸ்ட் அணுக்களைக் கொட்டவைத்தபோது, அருகிலுள்ள வலி நரம்புகள் நெடுநேரம் கிளர்ந்திருப்பதைக் கண்டனர். நரம்பு சுரந்தால் அணு கொட்டும். அணு கொட்டினால் நரம்பு மேலும் கிளரும். கள்ளன் வராத இரவில் ஒரு காவலன் கூவ, அவன் குரலைக் கேட்டு மற்றவன் கூவ, விடியும் வரை தெருவே உறங்காததுபோல!

முதற்குரல் எழுவது எங்கே? அந்தப் பெண் கண்ட ஒளிநெளிவுக்கு விளக்கம் 1944-இலேயே கிடைத்துவிட்டது. பிரேசில் நாட்டு லியாவோ, முயல்களின் மூளைப் பரப்பில் நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில் மெல்ல ஊர்ந்து செல்லும் அடங்கல் அலையொன்றைக் கண்டார். அது பார்வைப் பகுதியில் ஊர்ந்தால் கண்ணில் ஒளி நெளியும். அந்த அலை சவ்வை எட்டுவது எப்படி என்பதற்கு 2013-இல் அங்காராவின் ஹாஜத்தெப்பே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எலிகளில் விடை கண்டனர். அலையால் தத்தளிக்கும் மூளை அணுக்களில் ஒருவகை வாயில் திறந்துகொள்கிறது. அங்கிருந்து அழற்சிச் செய்தி படிப்படியாகப் பரவித் தலைச் சவ்வை அடைகிறது. சவ்விலுள்ள மாஸ்ட் அணுக்களும் கொட்டத் தொடங்குகின்றன. துருக்கிய முஸ்லிம்கள் நடத்திய ஆய்வு என்பதில் நமக்குச் சிறு பெருமிதம் உண்டு, மறைப்பானேன்! மனிதரிடமும் சான்று உண்டு. ஒளி நெளிவு காண்பவர்களின் மூளைச் சவ்வுப் பகுதியில் அழற்சியின் அடையாளம் படமாகத் தெரிவதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. மாமியாரின் கேள்விக்கு அந்தப் படமே பதில்.

எனினும் அளவோடு பேசவேண்டும். ஒற்றைத் தலைவலி எதிர்ப்பாற்றலின் நோய் என்று சொல்லிவிடுவது பிழை. அது பெரிதும் வமிசவழி வரும் மூளை நரம்பு நோய். எதிர்ப்பு அணுக்கள் அதில் பங்காளிகள். சவ்வில் நீர் கசிவதை மட்டும் தடுக்கும் மருந்துகளை 1990-களில் மனிதரிடம் சோதித்தபோது வலி அடங்கவில்லை. தும்மலுக்குத் தரும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளும் இதைத் தீர்ப்பதில்லை. ஆஸ்துமாவும் மூக்கொழுக்கும் உடையவர்களிடம் ஒற்றைத் தலைவலி அதிகம் காணப்படுகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பது அதனால் பெறப்படாது.

வியப்பு என்னவெனில், மருந்தும் அதே எதிர்ப்புப் படையிலிருந்துதான் வந்தது. குறிப்பிட்ட ஒரே இலக்கைப் பற்றும் எதிர்ப்புப் பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் முறையை 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் வகுத்தனர். அம்முறையில், சி.ஜி.ஆர்.பி.யையோ அது பற்றும் இடத்தையோ தடுக்கும் எதிர்ப்புப் பொருள்கள் ஆக்கப்பட்டு, 2018-இல் முதல் ஊசி மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மாதம் ஒருமுறை தோலடியில் போட்டுக்கொள்வது. பலருக்கு வலி வரும் நாட்கள் குறைகின்றன, எல்லாருக்கும் அல்ல. விலையோ நம்மனோர் நினைத்துப் பார்க்க அஞ்சும் விலை. பழைய, மலிவான தடுப்பு மாத்திரைகளும் பயனுள்ளவையே. மருத்துவர் அவற்றிலிருந்துதான் தொடங்குவார். மாஸ்கோவிட்ஸ், எட்வின்ஸன், கோட்ஸ்பி ஆகியோருக்கும் யெஸ் ஓலஸன் என்பவருக்கும் 2021-இல் மூளை ஆய்வுக்கான பெரும் பரிசு வழங்கப்பட்டது. குர்துபாவின் அஸ்ஸஹ்ராவீ, நெற்றிப்பொட்டைக் கீறிப் பூண்டுப் பல்லை வைத்துக் கட்டிய காலத்திலிருந்து இங்கு வந்து சேர ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். பெண்மைச் சுரப்பு மாதந்தோறும் ஏறி இறங்குவது அதற்கு ஒரு காரணம். வீட்டு விலக்கை ஒட்டிய நாட்களில் பலருக்கு வலி வருவது அதனால்தான். பெண்கள் ஆண்களின் ‘ஷகாயிக்’ என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. ஷகாயிக் என்பது ஷகீகாவின் பன்மை. உடன்பிறந்த சரிபாதியர் என்பது அங்கே பொருள். ஒரே சொல் பெண்ணின் மதிப்புக்கும் பெண்ணை மிகுதியாக வருத்தும் நோய்க்கும் பெயராய் அமைந்தது மொழியின் தற்செயல்தான். ஆயினும் வீட்டில் ஒருத்தி கதவைச் சாத்திப் படுக்கும்போது, இரண்டு பொருளும் நம் நினைவுக்கு வருகின்றன.

ரமளானைப் பற்றி மேலும் சில சொல்லவேண்டும். பசி, நீர் குறைதல், உறக்கம் கெடுதல், பழகிய தேநீர் திடீரென நின்றுபோதல் ஆகியவை ஒன்றுகூடும் மாதம் அது. நோன்பின் முதல் நாட்களில் தலைவலி மிகுவதை அரபு நாட்டு மருத்துவர்களே ஆராய்ந்து எழுதியுள்ளனர். ஷஃபானிலேயே தேநீரைச் சிறிது சிறிதாகக் குறைத்துவரலாம். ஸஹரைத் தவறவிடாது, நீர் நிறையப் பருகலாம். தடுப்பு மாத்திரைகளை இரவுக்கு மாற்றித்தர முடியுமா என்று மருத்துவரை முன்கூட்டியே கேட்கலாம். இவற்றுக்குப் பின்னும் நோன்பு நோயை மூட்டுகிறது, தாங்க முடியாத துன்பம் தருகிறது என்று தன் அனுபவத்தாலோ நம்பத்தக்க மருத்துவர் சொல்லாலோ அறிந்தவர், அந்நாளை விட்டுப் பின்னர் களா நோற்பதற்கு ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் அனுமதி உண்டு. நோன்பு வைத்தபின் நடுப்பகலில் கடுமையாக வந்தாலும் அவ்வாறே. நின்று தொழ இயலாவிடில் இருந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம். இவை மார்க்கம் தந்த உரிமைகள். மாமியார் தரவேண்டிய சலுகைகள் அல்ல.

கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றை மாதத்தில் 15 நாட்களுக்கு மேல், சிலவகை மருந்துகளை 10 நாட்களுக்கு மேல் தொடர்ந்து விழுங்கிவந்தால், அம்மருந்தே நாள்தோறும் தலைவலியை உண்டாக்கும். அன்றியும், இதுவரை கண்டிராத கடுமையில் திடீரென்று வெடிக்கும் வலி, காய்ச்சலோடு பிடரி விறைத்தல், கைகால் தளர்தல், பேச்சுக் குழறல், ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் வலி ஆகியவற்றை ஷகீகா என்று எண்ணி வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஹதீதைக் காட்டி ஹிஜாமாவுக்கு அழைப்போர் இந்நாளில் பெருகியிருக்கின்றனர். செய்துகொள்ள விரும்புவோர் தேர்ந்த கையில், தூய கருவியில் செய்துகொள்வதில் தடை இல்லை. ஆனால் அதைக் காரணமாக்கி மருத்துவரிடம் போகாதிருப்பதற்கு அந்த ஹதீதில் இடம் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் மாணவர்களுள் ஒருவர் கேட்டார்: “உஸ்தாத், அந்த மாத ஊசியை நோன்போடு போட்டுக்கொள்ளலாமா?” தோலடியில் செலுத்தப்படுவது உணவும் அன்று, திறந்த வழியாக வயிற்றை அடைவதும் அன்று. ஆதலின் நோன்பு முறியாது என்பதே இக்கால அறிஞர்களுள் பெரும்பாலோர் கருத்து. மாதத்துக்கு ஒன்றுதானே, இஃப்தாருக்குப் பின் போட்டுக்கொண்டால் அந்த ஐயமும் எழாது என்றோம்.